சம்சாரம் போன வீடு

“ஏட்டி, பேச்சு வராத ஆளையா?”

“வராத ஆளில்லம்மா. வந்துகிட்டிருந்ததுதான். நின்னுபோச்சு.”

“எப்படி நின்னுச்சு? காய்ச்சலா, சூக்கேடா? எங்கேயும் விழுந்தானா?”

“கேக்கல.”

“இதக்கூடக் கேக்காம ரெண்டு வருஷமா எந்தாட்டி எழுதிக்கிட்டிருக்கே?”

“மத்த எல்லாத்தையும்.”

காளியம்மை தோல் சீவிக்கொண்டிருந்த கப்பைக்கிழங்கை முறத்தில் வைத்துவிட்டு மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லதுதான். உனக்கோ வாய் ஓயாது. ரெண்டு பேருக்கும் சேத்து நீயே சம்சாரிச்சுக்கோ” என்றாள்.

அன்றைக்கு மஞ்சுஷா சிரித்துவிட்டாள். இன்று, நவம்பர் மாதத்துப் புதன்கிழமை மதியம், தாவூது இக்காவின் இணைய நிலையத்தில் ஜன்னலோரம் நின்று எறணாகுளத்துப் படகை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது அதே பேச்சு நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை. மேசைமேல் புத்தம்புதிய நோட்டு ஒன்றும், மூடி கழற்றாத பேனா ஒன்றும் இருந்தன. காலையில்தான் வாங்கியிருந்தாள். அந்தப் பேச்சு நின்றுபோன ராமர் வந்தால், தான் சொல்ல நினைப்பதை இதில் எழுதிக் காட்டலாம்.

“நோட்டு எதுக்கு மோளே? ஸ்டாக் எடுக்கப் போறியா?” என்று தாவூது இக்கா மூன்றாம் முறையாகக் கேட்டார்.

“அவருக்கு இக்கா. சொன்னேன்ல.”

“ஓ, அந்த ஆளு. நூறு பக்கமா? பெரிய சம்சாரக்காரன்தான் போல.”

“கேலி பண்ணாதீங்க இக்கா.”

அந்த நிலையம் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய சரக்குப் பாண்டிகசாலையின் மாடியில் இருந்தது. கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மேலே ஆறு கணினிகள். எத்தனை ஊதுபத்தி ஏற்றினாலும் சுக்கு வாசனைதான் ஜெயிக்கும். மஞ்சுஷா இருபத்து நான்கு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகராட்சி துப்புரவு வேலைக்கு வந்த குடும்பம். அம்மாவும் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். பேருந்துப் பலகையில் தமிழைப் பார்த்தால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தடவித்தான் படிப்பாள்.

ஆனால் கணினியில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் அது தமிழாக மாறி விழும் என்று ஒரு நாள் கண்டுபிடித்தாள். அம்மா என்று அடித்தாள். அம்மா என்றே வந்தது. தன் வீட்டுப் பேச்சு முதன்முதலாக எழுத்தாகித் திரையில் நின்றதைப் பார்த்து அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்த வாரமே ‘பாண்டிகசாலை ஜன்னல்’ என்று ஒரு வலைப்பதிவு தொடங்கினாள். சுக்கு புடைக்கும் பெண்கள் வேலை நடுவில் ஒருவருக்கொருவர் வைக்கும் பட்டப்பெயர்கள், ஆட்டோக்களின் முதுகில் எழுதியிருக்கும் பிள்ளைகளின் பெயர்கள், தங்கள் காலனிக் கோயில் கொடை விழாவில் மலையாளமும் தமிழும் கலந்து கத்தும் ஒலிபெருக்கி – எந்தப் பத்திரிகையும் கேட்காத விஷயங்கள். வாசகர்கள் மொத்தம் பதினொரு பேர்.

பன்னிரண்டாவதாக வந்தவர் ராமர். ‘வெயிலில் நடந்து வந்து இரண்டு தம்ளர் வெள்ளம் குடித்தேன்’ என்று அவள் எழுதியிருந்ததன் கீழே ஒரு பின்னூட்டம் இட்டிருந்தார்: ‘வெள்ளத்தைக் குடித்தால் ஊரே பிழைத்துவிடும். தண்ணீர் என்று திருத்தலாம். மற்றபடி, இவ்வளவு நல்ல பதிவை நான் படித்து நாளாயிற்று.’

திட்டா பாராட்டா என்று தெரியாமல் அதை நான்கு தடவை படித்தாள். பிறகு அவருடைய வலைப்பதிவுக்குப் போனாள். ‘மூன்றாம் புரூஃப்’ என்று பெயர். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். காலண்டர் லட்சுமியின் முகம் பத்து வருடத்துக்கு ஒரு முறை எப்படி மாறுகிறது, லாரியின் பின்னால் எழுதுகிறவர்கள் இடம் போதாதபோது எந்த எழுத்தை நசுக்குகிறார்கள் என்றெல்லாம் எழுதுவார். அவளைப் போலவே, யாரும் கேட்காமல் எழுதுகிற இன்னொருவர். அவரைப் படிப்பதற்காகவே மஞ்சுஷா தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். முதலில் ஒரு பதிவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பிறகு அரை மணி. பிறகு ஒரு சாயா ஆறும் நேரம்.

அப்படிப் படித்த ஒரு நாளில்தான் அந்த வரிகள் வந்தன. ‘சம்சாரம் போன நாளிலிருந்து வீட்டில் நானும் கடிகாரமும்தான். காய்கறிக் கடையில்கூட விரலால் காட்டி வாங்கிவிட்டு வந்துவிடுகிறேன். சம்சாரம் இல்லாமல் இருக்கப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.’

மஞ்சுஷா அதை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கொச்சியில் பிறந்த யாருக்கும் சம்சாரம் என்றால் பேச்சு. பால்காரரிடம் சம்சாரிப்பார்கள், பேருந்தில் சம்சாரிப்பார்கள், சண்டை வந்தால் சம்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். இவ்வளவு அழகாக எழுதுகிற மனிதருக்கு வாய்ப் பேச்சு போய்விட்டதே! வெகுநேரம் யோசித்து, எழுத்துக் கூட்டி, ஒரே ஒரு வரி பின்னூட்டம் இட்டாள்: ‘சம்சாரம் போனால் என்ன, உங்களுக்கு எழுத்து இருக்கிறதே.’

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் ‘நன்றி’ என்று ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தச் சொல்லை எழுதவே இல்லை. புண்ணை எதற்குத் தொட வேண்டும்?

பின்னூட்டங்கள் மின்னஞ்சல்கள் ஆயின. ஊரில் மழையா, கையிலிருக்கும் புரூஃபில் சிரிப்பு வரும் பிழை உண்டா, காளியம்மையின் முழங்கால் வலி எப்படி. பள்ளுருத்தியில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் சிஜுவின் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது மஞ்சுஷா வேண்டாம் என்றாள். ஏன் என்று அம்மா கேட்டதற்குத்தான் அன்றைக்கு ராமரைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தது.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. காலையில் கடை திறந்து, யாரும் வருமுன் அவருடைய பதிவை வாய்விட்டுப் படிப்பாள். ஒரு நாள் கனத்த குரலில், ஒரு நாள் மெல்லிய குரலில். எந்தக் குரலும் அவருக்குப் பொருந்தாது. இதை நீங்களே எனக்கு வாசிச்சுத் தாங்க என்று எத்தனையோ மின்னஞ்சலின் கடைசியில் அடித்திருக்கிறாள். அடித்ததை எல்லாம் அழித்திருக்கிறாள். பேச்சைத் தொலைத்தவரிடம் போய் எப்படி அதைக் கேட்பது?

அவரும் ஒரு நாளும் தொலைபேசி எண் கேட்கவில்லை. அதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

போன வாரம் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: ‘மட்டாஞ்சேரி வியாபாரி ஒருவர் புதுவருடக் காலண்டர் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். போன வருடம் மலையாளத்தில் ஒரு பிழை போய்விட்டதால் இந்த முறை ஆள் நேரில் வந்து புரூஃபைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறார். முதலாளி யாரை அனுப்பலாம் என்று கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.’

படகு ஜெட்டியில் முட்டியது. சற்று நேரத்தில் மரப்படிகள் முனகின. முப்பத்தெட்டு வயது இருக்கும் ஒருவர், துணிப்பையும் கக்கத்தில் சுருட்டிய காகிதக் கட்டுமாக வாசலில் நின்றார். மஞ்சுஷா ஒத்திகை பார்த்திருந்தபடியே எழுந்தாள், தலையசைத்தாள், சிரித்தாள், நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எனக்கா? ரொம்ப நன்றிங்க” என்றார். “மஞ்சுஷாதான நீங்க? நான் ராமர். படகு கொஞ்சம் லேட்டாயிருச்சு.”

கொஞ்சம் கரகரப்பான, அவசரமே இல்லாத குரல். அவள் அவருக்குக் கொடுத்துப் பார்த்த எந்தக் குரலும் அது இல்லை.

“நீங்க சம்சாரிக்கிறீங்க!” என்றாள்.

“என்ன பண்றேன்?”

தாவூது இக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “அட, நல்லாத்தானே பேசுறாரு! வாயில்லாத ஆளுன்னு சொல்லி என்னை ரெண்டு நாளா கைஜாடை பழக வச்சியே மோளே!” சொன்ன பிறகுதான் இருவர் முகத்தையும் கவனித்தார். “நான் சாயா சொல்லிட்டு வர்றேன்” என்று படியிறங்கிவிட்டார்.

“வாயில்லாத ஆளா?” என்றார் ராமர்.

“நீங்கதானே எழுதினீங்க. சம்சாரம் போச்சுன்னு.” அவளுக்குக் கண் நிறைந்தது. சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே விளங்கவில்லை. “ரெண்டு வருஷமா நான் உங்களுக்காக எத்தனை…”

“ஆமா. எழுதினேன். மூணு வருஷமாச்சு போயி.”

“பின்னே இது எந்தா?”

ராமர் பையைக் கீழே வைத்தார். பிழையைக் கண்டுபிடித்தவரின் பாவனை அவர் முகத்தில் மெதுவாக வந்தது. “உங்க ஊர்ல சம்சாரம்னா என்னங்க?”

“சம்சாரம்னா… சம்சாரம். இப்ப நம்ம செய்றதுதான்.”

“எங்க ஊர்ல,” என்றார் அவர், “பொண்டாட்டி.”

கீழே யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். மஞ்சுஷா நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ‘போனால் என்ன’ என்று எழுதியது நினைவுக்கு வந்து அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தெய்வமே. மனைவி செத்த ஆள்கிட்டயா நான் அப்படிச் சொன்னேன்?”

“சொன்னீங்க. நாலு நாள் சரியான கோபம் எனக்கு.” அவர் நோட்டின் அட்டையைத் தடவியபடி பேசினார். “அப்புறம் யோசிச்சேன். பதினாறாம் நாளே வீட்ல வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. போன ஜாமானுக்குப் பதிலா இன்னொரு ஜாமான் வாங்கி வைக்கிற மாதிரி. நீங்க ஒருத்தர்தான் அவளுக்குப் பதிலா ஆள் வேணாம், எழுதுன்னு சொன்னீங்க. அந்தப் பதிவோட நிறுத்திடலாம்னு இருந்தவன் அன்னிக்குத்தான் மறுபடி எழுத உக்காந்தேன்.”

“நான் அதச் சொல்லலையே. எனக்குத் தெரியாதே.”

“இப்ப தெரியுது.”

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று மஞ்சுஷாவுக்குத் தோன்றியது. இரண்டு வருடம் கட்டியதெல்லாம் ஒரு சொல்லின் மேல் நின்றிருக்கிறது. அந்தச் சொல்லைத் திருத்திவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? திருத்துவதுதானே இவருக்கு வேலை?

தாவூது இக்கா அனுப்பிய சாயா வந்தது. ராமர் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியே காயலைப் பார்த்தார். “புரூஃப் பாக்கிறது ஒத்தை ஆள் வேலை இல்லைங்க. ஒருத்தர் மூலத்தை வாசிக்கணும், ஒருத்தர் பாக்கணும். வீட்டுக்குக் கொண்டாந்த வேலையெல்லாம் அவதான் வாசிப்பா. கமா, புள்ளி, மேற்கோள் தொடக்கம், எல்லாத்தையும் சத்தமா சொல்லி வாசிக்கணும். சமையல் வாசனையும் கமாவுமா இருக்கும் வீடு. அவ போன பிறகு சத்தமே இல்ல. அதனால நீங்க படிச்சது அவ்வளவு தப்பில்ல.” சாயாவைக் கீழே வைத்தார். “நம்பர் கேக்கலாம்னு நூறு தடவை நினைச்சிருப்பேன். பொண்டாட்டி போனவன் ஒரு பொண்ணுகிட்ட நம்பர் கேட்டா என்ன நினைப்பீங்களோன்னு விட்டுட்டேன்.”

“கேட்டிருந்தா, பேச்சு வராத ஆளுக்கு நம்பர் எதுக்குன்னு முழிச்சிருப்பேன்” என்றாள் அவள்.

இந்த முறை சிரிப்பு பாதியில் நிற்கவில்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வியாபாரி நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அடுத்து படகு, பிறகு பேருந்து, சிவகாசி. காகிதக் கட்டைக் கக்கத்தில் எடுத்துக்கொண்டார். நோட்டைப் பத்திரமாகப் பையில் வைத்தார். “எழுதுறேன்” என்றார், வழக்கம்போல மின்னஞ்சலை முடிக்கிற மாதிரி.

படியில் ஓர் அடி இறங்கிவிட்டார். அடித்து அடித்து அழித்த அந்த வரி மஞ்சுஷாவின் விரல் நுனிகளில் குறுகுறுத்தது. அழிக்கிற விசை பக்கத்தில் எங்கும் இல்லை.

“நில்லுங்க” என்றாள். “இதுவரைக்கும் எத்தனை பதிவு எழுதியிருக்கீங்க?”

“இருநூத்துப் பதினெட்டு. ஏன்?”

“எனக்கு வாசிச்சுத் தரணும். உங்க வாயால.” அவளும் படி வரைக்கும் வந்துவிட்டாள். “எல்லாத்தையும். முதல்லேருந்து, கமா புள்ளி ஒண்ணு விடாம.”