மிளகாயின் முரட்டு விரிப்பு

நாத்தனாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வாயைத் திறந்தால் காரம் தெறிக்கும் என்பதால் வீட்டில் எல்லோரும் அவளை மிளகாய் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். கொதிநீர்ப் பானை சரிந்து தோளும் கையும் வெந்துபோய், அந்த மிளகாய் இப்போது மருத்துவமனையின் தீக்காய வார்டில் கிடந்தாள். தொடையிலிருந்து தோலெடுத்துத் தோளில் ஒட்டியிருந்தார்கள். கிருமி மட்டும் உள்ளே புகாமல் இருக்க வேண்டும், புகுந்தால் ஒட்டிய தோல் பிடிக்காது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில்தான் அவளுடைய அண்ணி வேலை பார்த்தாள். மாடியில் நாத்தனார், கீழே அண்ணி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொப்பியைக் கழற்றி, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு அண்ணி வார்டுக்கு ஏறுவாள். ஏறியதுமே அர்ச்சனை தொடங்கிவிடும்.

"ஏன் அண்ணி, என்மேல உனக்கு என்ன கோபம்? சாக்கைத் துவைச்சு விரிச்சிருக்க? திரும்பிப் படுத்தா கன்னம் தேயுது."

அது சாக்கில்லை. தீக்காய வார்டுக்கென்று புதிதாய் வந்த விரிப்பு. நூலோடு வெள்ளி கலந்து நெய்ததாம். அதன்மேல் வந்து உட்காரும் கிருமி பெருகாமல் சாகுமாம். நோயாளிகளுக்குப் புண்ணில் சீழ் வைப்பது குறைகிறதா என்று இந்த வார்டில் மட்டும் போட்டுப் பார்க்கிறார்கள். பிளீச்சும் போடக் கூடாது, வேறு எதுவும் சேர்க்கக் கூடாது என்று சலவைக்கூட மேஸ்திரி ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அண்ணி பிளீச் டப்பா இருக்கும் பக்கமே போகவில்லை.

ஆனால் கன்னம் தேய்கிறது என்ற பேச்சு அவள் மனதை விட்டு இறங்கவில்லை. எத்தனை வாயாடினாலும், கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்படியில் கூடவே நின்று கைகொடுத்தவள் மிளகாய்தான். தனியறை நோயாளிகளின் துண்டுகளுக்கு ஊற்றுகிற நீலத் திரவம் மூலையில் இருந்தது. துணியைப் பூப்போல ஆக்கிவிடும், வாசனையும் தரும். பிளீச்சாவது அரிக்கும், இது என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தாள். மிளகாயின் விரிப்பு ஒன்றுக்கு மட்டும் ஊற்ற மனம் வரவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவளுக்கும் கன்னம் இருக்கிறதே. வார்டின் எல்லா விரிப்புக்கும் சேர்த்து ஊற்றினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சலவைக்கும் ஊற்றினாள்.

மிளகாயின் அர்ச்சனை நின்றது. "இப்பத்தான் மனுஷி படுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அண்ணிக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் காலையில், கிருமித் தொற்றைக் கவனிக்கும் சிஸ்டர் சலவைக்கூடத்துக்கு வந்தார். பக்கத்துப் படுக்கைக்காரியின் புண்ணில் சீழ் கண்டிருக்கிறது. விரிப்பை ஆய்வகத்தில் சோதித்தால் சாதாரணத் துணியில் இருக்கும் அளவு கிருமி அதிலும் உயிரோடு இருக்கிறது. பிளீச் ஏதும் பட்டதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றார் மேஸ்திரி. அப்படியானால் துணியில்தான் கோளாறு, நாளைக்கே ஆலைக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டு சிஸ்டர் படியேறிப் போனார்.

அண்ணியின் கை மடித்துக்கொண்டிருந்த விரிப்பிலேயே நின்றது. மூக்கில் அந்த நீல வாசனை ஏறியது. அதுதானோ? வாய் திறந்தால் வேலை போகலாம். மிளகாயின் நாக்குக்கு ஆயுள் முழுக்கத் தீனியும் கிடைக்கும். திறக்காவிட்டால்? ஒட்டிய தோல் ஞாபகத்துக்கு வந்தது. கடவுளே, என் நாக்கை மட்டும் அசைய வைத்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டு சிஸ்டரின் பின்னாலேயே ஓடினாள்.

படிக்கட்டிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினாள். சிஸ்டர் விரிப்பை வாங்கி விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். அந்தத் திரவம் நூலின்மேல் மெழுகு பூசினாற்போல் படிந்து, உள்ளிருக்கும் வெள்ளியைக் கிருமியிடம் அண்டவிடாமல் மூடிவிட்டது என்று விளக்கினார்.

"எல்லாருக்குமா ஊத்துனீங்க?"

"உறவுக்காரிக்கு மட்டும் ஊத்தினா நல்லா இருக்காதுன்னு..."

சிஸ்டர் சிரித்துவிட்டார். "செஞ்சது தப்புதாம்மா. நீங்க வந்து சொல்லலைன்னா, நல்ல துணியை நாளைக்கு அனுப்பியிருப்பேன். அதுதான் பெரிய தப்பா ஆகியிருக்கும். வாங்க, முதல்ல படுக்கையை மாத்துவோம்."

அத்தனை விரிப்பையும் உருவி, பழைய வெள்ளைத் துணிகளை விரித்தார்கள். சிஸ்டரும் ஒரு முனையைப் பிடித்தார். கீழே, மறுபடி மறுபடி வெறும் சுடுநீரில் அலச வேண்டியிருந்தது. மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வாளி வாளியாகத் துணி சுமந்தார். ஷிப்ட் முடிந்தவர்களில் இருவர் கேட்காமலே நின்றுவிட்டார்கள். வாசனை முழுவதும் போன பிறகு ஒரு துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கிருமி அடங்கிவிட்டது என்று பதில் வந்ததும் வெள்ளி விரிப்புகள் மறுபடி வார்டுக்கு ஏறின. பக்கத்துப் படுக்கைக்காரிக்கும் மருந்து கேட்டுச் சீழ் வற்றத் தொடங்கியது. அதைக் கேட்ட பிறகுதான் அண்ணிக்குச் சோறு இறங்கியது. வேலையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவே இல்லை. மேஸ்திரி மட்டும் நீலத் திரவத்தை எடுத்துத் தன் மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

மிளகாயின் கட்டைப் பிரித்த அன்று அண்ணி வாசலோரமாய் நின்றாள். டாக்டர் குனிந்து பார்த்தார், விரலால் மெல்லத் தொட்டார். தோல் பிடித்துக்கொண்டது என்றார். அண்ணியின் கண்ணில் நீர் தாரைதாரையாய் வழிந்தது.

நடந்தது முழுவதும் சிஸ்டர் மூலமாய் மிளகாயின் காதுக்குப் போயிருந்தது. அண்ணி இன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராய் வந்தாள். மிளகாய் நல்ல கையால் விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் சாக்காக்கிட்ட."

"ஆமா."

"இருக்கட்டும். இதுலதான் எனக்குத் தூக்கம் வருது." விரிப்பிலிருந்து கையை எடுத்து அண்ணியின் விரலைப் பிடித்தாள். "எனக்காகத்தானே ஊத்துன? எனக்காகத்தானே போய்ச் சொன்ன? எனக்குக் கூடப்பிறந்தவ இல்லன்னு இனி யாரும் சொல்ல முடியாது அண்ணி."

 அண்ணி கீழே இறங்கி வந்து, உலர்ந்த விரிப்புகளை மடிக்க உட்கார்ந்தாள். முதல் விரிப்பை நன்றியோடு கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள், சட்டென்று நிறுத்தினாள். சுத்தமான துணி, முகம் படக் கூடாது. மடித்து அடுக்கிவிட்டு, தள்ளி நின்று கைகூப்பினாள்.