புலமைப்பரிசில் வீட்டார்

ஸும்றாவுக்கு ஜப்பானில் பொது நிருவாகம் படிக்க முழுப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. இரண்டு வருட முதுமாணிப் படிப்பு. கட்டணம், மாதப்படி, பயணச்சீட்டு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மணமானவர் என்றால் துணையும் கூடப் போகலாம், குடும்பமாக இருக்க வீடும் தருவார்கள். மதுரங்குளியில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் றிப்னாஸை அவளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். நிக்காஹை முன்னுக்கு எடுத்தால் இருவருமாகவே போகலாம். தனியாகவா, சோடியாகவா என்று இன்று பின்னேரத்துக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

குறுக்கே நின்றவர் றிப்னாஸின் வாப்பா இஸ்ஸதீன். பாலாவியில் உப்பு லொறிகள் வைத்திருப்பவர்.

“பொண்ணுக்குக் குடுக்கிற படிப்புக் காசில எண்ட மகன் தின்னுறதா?”

“நான் அங்க சும்மா இரிக்க மாட்டன் வாப்பா. சோறாக்குவன்,” என்றான் றிப்னாஸ். அதோடு நிலைமை இன்னும் மோசமானது.

கடைசியில் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். வீடு கொடுப்பது பெண் வீட்டார், பேசி வாங்குவது மாப்பிள்ளை வீட்டார். அவர் அறிந்த முறை அதுதான். “ஊடு குடுக்கிறது ஜப்பான்காரன் எண்டா அவன்தான் பொண்ணூட்டு ஆள். நான் அவங்களோட கதைக்கணும்.”

கொழும்பில் புலமைப்பரிசில்களைக் கவனிக்கும் அதிகாரி அன்ரனிப்பிள்ளையை, இஸ்ஸதீனின் வீட்டில் வைத்தே ஸும்றா வீடியோவில் அழைத்தாள். இஸ்ஸதீன் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, அத்தர் மணக்க, கதிரையில் உட்கார்ந்தார். அவர் மனைவி றஹ்மத் உம்மா, சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு வைப்பதுபோல, ஃபோனுக்கு முன்னால் ஒரு தட்டு வட்டிலப்பம் வைத்தார்.

“ஊடு எத்தன அறை சேர்?”

“ஒரு அறை, சின்ன ஹோல், குசினி.”

“வளவு?”

“ஆறாம் மாடி ஐயா. வளவு இல்ல.”

“ரெண்டு தென்னையாவது?”

அன்ரனிப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“சரி, ஆர்ட பேருக்கு எழுதுவீங்க?”

“எழுதிக் குடுக்கிறதில்ல. படிப்பு முடிய வீட்டத் திருப்பிக் குடுக்க வேணும்.”

இஸ்ஸதீன் குடும்பத்தார் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா? குடுத்திட்டுத் திரும்ப எடுக்கிறாங்க. இவங்க நல்ல குடும்பமா?”

“நீங்க எங்க இரிக்கிறீங்க?” என்றார் றஹ்மத் உம்மா. “முப்பது வருஷமா எங்கட வாப்பா தந்த ஊட்டுலதானே? வரக்குள்ள ஒரு பெட்டியும் ஒரு குடையும்.”

“ஓடு மாத்தினது ஆரு?”

“பாதிதான் மாத்தினீங்க.”

இஸ்ஸதீனின் குரல் இறங்கியது. “அது வேற கதை. நான் கேட்டதில ஒண்டுக்காவது அவங்க இறங்கி வராட்டி, நான் எப்பிடி ஓம் சொல்ற? ஜங்ஷன்ல கேக்க மாட்டாங்களா?”

ஸும்றாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மாமாவுக்கு வீடு ஒரு பொருட்டே இல்லை. பேசி வென்றதாகச் சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும். அவள் ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள்.

“சேர், அங்க எயார்போட்டுக்கு வாகனம் அனுப்ப ஏலுமா எண்டு மாமா கேக்கிறாங்க. கஷ்டம்தான், எண்டாலும் கொஞ்சம் பாருங்களே.”

அந்த வாகனம் எல்லா மாணவர்களுக்கும் வருவது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அன்ரனிப்பிள்ளை மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

“அது லேசில்ல மகள். மேல கேக்க வேணும். கொஞ்சம் இருங்க.”

அவர் திரையிலிருந்து மறைந்தார். வெற்றுக் கதிரைக்குப் பின்னால் யாரோ தேத்தண்ணி கலக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இஸ்ஸதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். றிப்னாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வட்டிலப்பத்தில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

அன்ரனிப்பிள்ளை வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தார். “ஒத்துக்கொண்டிட்டாங்க. ஆனா வெளியில கதைக்காதீங்க ஐயா, மத்தவங்களும் கேப்பாங்க.”

“சேச்சே, நான் வாயே தொறக்க மாட்டன்,” என்ற இஸ்ஸதீன் மகனைப் பார்த்தார். “நிக்காஹ வாற வெள்ளிக்கிழம வைப்பம்.”

“அப்ப நான் எப்பிடிப் பதியிறது?” என்று அன்ரனிப்பிள்ளை கேட்டார்.

ஸும்றா றிப்னாஸைப் பார்த்தாள். வாய் நிறைய வட்டிலப்பத்தோடு அவன் தலையாட்டினான்.

“ரெண்டு பேர் சேர்,” என்றாள்.

பின்னேர அஸர் தொழுகை முடிவதற்குள் அந்த வாகனத்தின் கதை பாலாவிச் சந்தி முழுவதும் தெரிந்திருந்தது. இரவு இஷாத் தொழுகைக்குள் அது இரண்டு வாகனமாகிவிட்டது.