நெஞ்சுக்குள் இரண்டு

டாக்டர் சீதாராமன் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிப் பேனா முனையால் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினார். அன்னக்கொடிக்கு இரண்டுமே வெறும் வெள்ளைத் திட்டுகளாகத்தான் தெரிந்தன. போன வாரம் இதே அறையில், அவள் புருஷன் நல்லகாமனுக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி, மெதுவாக வளர்வது, எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார்கள். நுரையீரலில் உள்ளது பழைய டி.பி. தழும்பாக இருக்கலாம், எதற்கும் அதிலும் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார்கள். அதை நல்லகாமன் எங்கே காதில் வாங்கினார்? உசிலம்பட்டிக்குத் திரும்பிய கையோடு குலசாமிக்குக் கிடா வெட்டு, வரும் வெள்ளிக்கிழமை என்று பங்காளிகள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். மனுஷருக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

"நுரையீரல்ல இருக்கிறது தழும்பில்லம்மா. புற்று. முன்னாடி உள்ளதுலருந்து பரவுனதும் இல்ல, இது வேற. ஒரே ஆளுக்கு ரெண்டும் சேர்ந்து வர்றது ரொம்ப அபூர்வம். நான் படிச்சிருக்கேன், பார்த்ததில்ல."

"ரெண்டையும் சேத்து எடுத்துற முடியாதாய்யா?"

"இது முத்திருச்சும்மா. மருந்துதான். அவர்ட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கிறேன்யா."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

வெளியே பெஞ்சில் நல்லகாமன் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். வாய் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியவில்லை. முப்பது வருஷம் மாட்டுத்தரகு பார்த்தவருக்கு முகம் பார்க்கச் சொல்லித்தரவா வேண்டும்? தோள் துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டு, அதற்கடியில் தன் கையை நுழைத்தார். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம், பிடிக்கிற விரல்தான் கணக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு பொம்பளை கையை அவர் துண்டுக்குள் பிடித்ததில்லை.

"ஒருத்தருக்கும் கேக்க வேணாம் புள்ள. சொல்லு."

அவளுடைய ஒரு விரலை மட்டும் இறுக்கிப் பிடித்தார். கட்டி ஒன்றுதானே?

எதிர் பெஞ்சில் ஒரு குடும்பம் எலுமிச்சம் சாதம் தின்றுகொண்டிருந்தது. அன்னக்கொடி இரண்டாவது விரலையும் அவர் கைக்குள் வைத்தாள்.

அவர் முகம் மாறவில்லை. அந்த விரலை மெல்ல மடக்கிவிட்டு, மறுபடி ஒன்றையே பிடித்தார். அவள் நீட்டினாள். அவர் மடக்கினார். நர்ஸ் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி மறுபடியும் நீட்டினாள்.