அண்டாத் தண்ணீர்

பெரியகருப்பனுக்கு மருமகளிடம் பேசத் தெரியாது. பேசக் கூடாதென்று யாரும் தடுக்கவில்லை, வாய் வராது, அவ்வளவுதான். மனைவி காளியாயி இருந்தவரை அவர் பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவாள். அவருக்குப் பசிக்கிறது என்பதைக்கூட அவள்தான் முதலில் சொல்வாள். அவள் கண்ணை மூடி நான்கு வருடமாகிறது. மகன் முத்துக்கண்ணனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, லீவு கிடைக்கும்போது வந்து போவான். ஆக, கொத்தமங்கலம் சாலையில் இருந்த அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். மருமகள் நாகஜோதி வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். காபி போடவா மாமா என்று கேட்பாள், ம் என்பார். பெரும்பாலும் அன்றைய பேச்சு அதோடு தீர்ந்துவிடும்.

அவள் கல்யாணச் சீரோடு ஒரு மீன்தொட்டியும் வந்து இறங்கியிருந்தது. பீரோ வரும், கட்டில் வரும், குத்துவிளக்கு வரும். மீன் வந்து யார் பார்த்தது? குழம்பு வைக்கவா வறுத்துத் திங்கவா என்று பங்காளி வீட்டு ஆட்கள் கேலி செய்தார்கள். பெரியகருப்பனும் அன்று சேர்ந்து சிரித்தவர்தான். ஆனால் போகப் போக, சாயங்காலமானால் நாற்காலியை அந்தத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். வால் விசிறும் கப்பி மீன்கள், பாசியில் மேயும் சிவப்பு இறால் குஞ்சுகள். டிவியில் சண்டை போடுகிறவர்களைப் பார்ப்பதற்கு இவை எவ்வளவோ தேவலை என்று பட்டது.

வாரத்துக்கு ஒரு தடவை தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாகஜோதி கொல்லைக் குழாயடியில் முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து வருவாள். அவள் உண்டான பிறகும் அது நிற்கவில்லை. வயிறு மேடிட்ட பிறகும் நிற்கவில்லை. ஒவ்வொரு வாளிக்கும் பெரியகருப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து உட்கார்ந்தார். ஒரு நாள் எழுந்து போய் வாளியைப் பிடித்தார். உங்களுக்கு முட்டி வலி மாமா, விடுங்க என்று அவள் வாங்கிக்கொண்டாள். தூக்காதே தாயி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு மலையாக இருந்தது.

வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்துவிடலாம் என்று முடிவு கட்டினார். தோப்பில் தென்னைக்கெல்லாம் சொட்டுநீர் போட்டவர் அவர். மரத்துக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடலாம் என்றால் மீனுக்கு விட முடியாதா? மேலேயிருந்து நாள் முழுக்கப் புதுத் தண்ணீர் சொட்ட வேண்டியது. தொட்டி நிறைந்து மிஞ்சுகிற தண்ணீர் தானாக வெளியேற வேண்டியது. யாரும் எதையும் தூக்க வேண்டாம். மீன் கடைக்காரரை வரவழைத்து, கண்ணாடியின் மேல் ஓரத்தில் துளை போட்டு, அதில் ஒரு குழாயைப் பொருத்தி ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலைச் செடிக்கு இறக்கினார். தோப்பில் மிஞ்சிக் கிடந்த மெல்லிய குழாயும் சின்ன வால்வும் இருந்தன.

தண்ணீரை எதில் வைப்பது என்பதுதான் தகராறாகிவிட்டது. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை போக ஒரு நாளாவது அது திறந்து கிடக்க வேண்டும். தோப்பு டிரம்களில் எல்லாம் பூச்சிமருந்து நெடி. யோசித்துப் பார்த்தவர், பரணில் ஏறினார். காளியாயி சீராகக் கொண்டுவந்த செம்பு அண்டா அங்கே கவிழ்ந்து கிடந்தது. செம்புத் தண்ணீர் உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று ஊரே சொல்கிறது. வாயில்லாத ஜீவனுக்கு மட்டும் கெட்டதாகிவிடுமா?

புளி போட்டுத் தேய்த்து, இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, ஓஸ் வைத்து நிரப்பி ஒரு நாள் விட்டார். முதல் சொட்டு விழுந்ததும் நாகஜோதி கை தட்டினாள். அவருக்கு என்ன ஆயிற்றோ, அண்டாவின் விளிம்பைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார். இது உங்க அத்தை கொண்டுவந்தது என்றார். கல்யாணத்தன்று இதை வண்டியிலிருந்து இறக்கும்போது அவள் அப்பன் அழுததையும், மகன் பிறந்தபோது இதில்தான் வெந்நீர் போட்டதையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் சில இறால்கள் சரிந்து கிடந்தன. வெயில் ஜாஸ்தி மாமா என்று அவள் எடுத்துப் போட்டாள். பிறகு அதுவும் நின்றது. முந்தின ராத்திரியே நிரப்பிய அண்டாவின் வால்வைக் காலையில் திறப்பார், மாலையில் தண்ணீர் இறங்கியிருக்கும், மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கும். தன்னைப் போல ஒரு இன்ஜினியர் இந்தச் சீமையில் உண்டா என்று மனசுக்குள் ஒரு மிதப்பு.

கார்த்திகையன்று குன்றக்குடி மலைக்குப் போகக் கிளம்பியவர், பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுக் மூக்குக்கண்ணாடியை மறந்தது நினைவு வந்து திரும்பினார். கொல்லை வழியாக நுழைந்தபோது நாகஜோதி குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் ஒரு வாளியைப் பிடித்திருந்தாள். படியில் அதை வைத்துவிட்டு, இடுப்பில் கை கொடுத்து, மூச்சு வாங்கினாள். மறுபடி தூக்கினாள்.

அவர் பின்னாலேயே போனார். அவள் தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பியபோது அவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள். பெரியகருப்பன் தொட்டியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், குழாயைக் கண்ணால் பிடித்துக்கொண்டே வந்தார். அதன் நுனி தொட்டிக்குள் இல்லை. தொட்டிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு பெரிய தண்ணீர் கேனுக்குள் இருந்தது. சொட்டு ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. அவர் தினமும் நிரப்பிய தண்ணீரெல்லாம் அந்தக் கேனில் இறங்கி, அவள் கையால் செடிக்குப் போயிருக்கிறது.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அண்டாவுக்குள்ளே பூசிய ஈயம் தேய்ந்துபோயிருக்கிறதாம். ராத்திரியெல்லாம் கிடக்கிற தண்ணீரில் செம்பு இறங்குமாம். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட இறாலுக்கு விஷமாம், மீனுக்கும் ஆகாதாம். அதனால்தான் குழாயை மாற்றிப் போட்டுவிட்டு, அவர் வெளியே போகும் நேரமாகப் பார்த்துத் தண்ணீர் சுமந்திருக்கிறாள்.

பெரியகருப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். இவள் வாளி தூக்கக் கூடாது என்று செய்த வேலை. அதனாலேயே இவள் திருட்டுத்தனமாக வாளியும் சுமந்து, கேனும் சுமந்திருக்கிறாள். இறால் செத்ததைவிட அதுதான் அவரை அறுத்தது.

"ஏந்தாயி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு அண்டாவ ஏத்திவச்சிட்டு அத்தையப் பத்திச் சொன்னீக. நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து அன்னைக்குத்தான் எங்கிட்ட நின்னு பேசுனீக மாமா. அதப் போயி ஆகாதுன்னு எந்த வாயால சொல்றது?"

தன் மௌனம் இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு கனமாக இருந்திருக்கிறது என்று இதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது. அவள் மேல் கொள்ளைப் பிரியமாகவும் இருந்தது.

"உங்க அத்தையா இருந்தா, மொத இறா செத்த அன்னைக்கே அண்டாவ எந்தலையில கவுத்திருப்பா" என்றார்.

நாகஜோதி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அன்று அவர் மலைக்குப் போகவில்லை. முருகன் இருந்த இடத்திலேயே இருப்பான் என்று டவுனுக்குப் போய், குடிதண்ணீர் பிடித்துவைக்கும் புது நீல டிரம் ஒன்று வாங்கிவந்தார். கழுவிக் கழுவி வாடை போகிறதா என்று அவளையே முகர்ந்து பார்க்கச் சொன்னார். அண்டாவை இறக்கி, துடைத்து, மறுபடி பரணுக்கு அனுப்பாமல் கூடத்து மூலையில் நிறுத்தினார். குழாயின் நுனி தொட்டிக்குள் போனது. ஆட்டோக்கார மருதுபாண்டியை டிரம்மை ஸ்டாண்டில் தூக்கிவைக்கக் கூப்பிட்டபோது, எம்மருமகள் மாசமா இருக்கா, வேகமா வா என்று போனில் அதட்டினார். எம்மருமகள் என்று அவர் சொல்லி நாகஜோதி கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாம் முடிந்த பிறகு அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இனிமே மனசுல எது இருந்தாலும் சொல்லிப்புடணும். நான் ஒண்ணும் ஒடஞ்சு போகமாட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பச் சொல்றேன். டாக்டர் குடுத்த சக்கர மாத்திர அட்ட அப்படியே குறையாம இருக்கு. கேட்டா முழுங்கிட்டேன்னு தலைய ஆட்டுறீக. டீக்கடையில இனிப்புப் பணியாரம் திங்கிறீகன்னு எதிர்வீட்டு மலையம்மா அக்கா சொல்லிட்டாக. பேரனோ பேத்தியோ, அத யாரு மடியில போட்டுக்கிறதாம்? இங்குட்டு வாங்க. நான் பார்க்க முழுங்கணும்."

நான்கு வருடமாக அவரை யாரும் இப்படி அதட்டியதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள் உண்டு. பொய் சொல்கிறாய் என்று பிடித்தவர்கள் இல்லை. பெரியகருப்பன் மாத்திரையை எடுத்து வந்து, அவள் நீட்டிய டம்ளரை வாங்கி, நின்றபடியே விழுங்கினார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாயை அகலத் திறந்து அவளுக்குக் காட்டினார்.