நாலு கப்பாசிற்றர்

திருகோணமலை நகரத்தில் அப்போது ரேடியோ, தொலைக்காட்சி திருத்தும் கடை வைத்திருந்த பெண் மாகிரட் ஒருத்திதான். 'பொம்பிளைக்கு இதெல்லாம் சரிவருமோ' என்று நக்கலடித்தவர்கள்கூட, சொந்த வீட்டு ரேடியோ வாயடைத்ததும் ஒன்றும் நடவாததுபோல அவளிடமே வந்து நின்றார்கள். நக்கலடிக்காமல் வந்தவர் கனகசுந்தரம் ஒருவர்தான். துறைமுகத்தில் மின்சார வேலை செய்பவர், நாற்பது தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அப்படிப்பட்ட மனிதர் ஒரு விளையாட்டுக் காரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

விளையாட்டுக் கார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பியது. முழங்கை நீளம், றிமோட்டில் ஓடும், ஓடினால் தெருநாய்க்கும் பிடிகொடுக்காது. சமாதானம் பேசிக்கொண்டிருந்த நாட்களில் இப்படிக் கார் வைத்திருந்த நாலைந்து பேர் ஞாயிறு பின்னேரங்களில் மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் திடலில் போட்டி வைத்தார்கள். 2006இல் சண்டை மறுபடி மூண்டபோது புத்தியுள்ளவர்கள் கார்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கனகசுந்தரமும் மீன் லொறி ஓட்டும் ஜமால்தீனும் மட்டும் விடவில்லை. மாகிரட்டும் விடவில்லை. அவளுக்கென்று ஒரு கார் இல்லை, ஆனால் அந்தத் திடலில் ஓடிய எல்லாக் காரின் வயிற்றுக்குள்ளும் அவளுடைய கை போய் வந்திருந்தது.

அடுத்த வருடம் கனகசுந்தரம் காருக்குப் பலமான மோட்டர் ஒன்று மாட்டினார். வினை அதோடு வந்தது. றிமோட்டின் விசையைப் பாதி அமத்தினால் கார் சமர்த்தாக ஓடும். முழுதாக அமத்தினால் ஒரு முழம் பாய்ந்துவிட்டு அப்படியே நின்றுவிடும்.

"மோட்டர் ஒரேயடியாக் கரண்டை இழுக்குது அண்ணை," என்றாள் மாகிரட். "பற்றரி தாங்காமல் தாழுது. அந்த நேரம் ஸ்பீட் கொன்ட்ரோலருக்குக் கரண்ட் காணாது. அதுக்குப் பக்கத்திலயே நாலு கப்பாசிற்றரைப் போட்டால், தாழுற நேரம் அது கைகுடுக்கும். குழாயில தண்ணி குறையேக்க வாளித் தண்ணி மாதிரி."

"பதினாறு வோல்ட், ஆயிரம் மைக்ரோ," என்றார் கனகசுந்தரம் உடனே. "பழைய டிவியில கழட்டுவம். போடுங்கோ தங்கச்சி."

அவள் ஈயம் வைத்துப் பற்றவைத்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். "பிளஸ் மைனஸ் மாறாமல் பாருங்கோ, மாறினால் வெடிச்சுப்போம்," என்று இரண்டு தரம் சொன்னவரும் அவர்தான். நாலு கப்பாசிற்றரையும் சேர்த்துக் கட்டப் பிளாஸ்டிக் பட்டி அகப்படவில்லை. மாகிரட்டின் தாய் எல்சி மீன்பிடி ஊரான இறக்கக்கண்டிக்காரி, வீட்டில் வலை நூலுக்குப் பஞ்சமில்லை. அந்த நூலால் நாலையும் இறுக்கி முடிந்து, மணல் போகாதபடி கறுப்பு டேப்பால் மூடிச் சுற்றினாள்.

கறுப்புப் பொதி, அதிலிருந்து சிவப்புக் கம்பி ஒன்று, கறுப்புக் கம்பி ஒன்று, பக்கத்தில் றிமோட். அந்த வருடத்துத் திருகோணமலையில் வேறு யார் கண்டாலும் குண்டு என்றுதான் நினைத்திருப்பார்கள். விடிந்தால் பொழுதுபட்டால் இப்படியான சாமான்களோடு மாரடிக்கிற இந்த இருவரின் கண்ணுக்கு மட்டும் அது கப்பாசிற்றராகவே தெரிந்தது. வேலை நல்ல சுத்தம் என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள், விபரமறியாப் பேயர்கள்.

மூன்று ஞாயிறு கனகசுந்தரம் வென்றார். நாலாவது ஞாயிறு திடலுக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் அவருடைய பையைத் திறந்தார்கள்.

மறுநாள் காலை மாகிரட்டைத் தேடிக் கடைக்கு ஜீப் வந்தது. ஏறும்போதுகூட அவள் பெரிதாகப் பயப்படவில்லை. சுந்தரமண்ணை இருக்கிறார், துறைமுகத்துக்குள் போய்வரப் பாஸ் வைத்திருக்கிற மனிதர், அது என்ன சாமான் என்று ஒரு வாய் சொன்னால் முடிந்துபோகும் என்று நினைத்தாள். மூடி கழற்றிய ரேடியோ ஒன்று மேசையில் தூசி படக் கிடக்கிறதே என்பதுதான் அவளுடைய கவலையாக இருந்தது.

இராணுவ முகாமில் இருந்த அதிகாரிக்குத் தமிழ் ஓரளவு வந்தது.

"காருக்குள்ள இருந்தது என்ன சாமான்?"

"கப்பாசிற்றர் சேர். கார் நிக்காமல் ஓடுறதுக்குப் போட்டது. கனகசுந்தரம் அண்ணைக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கோ."

"கேட்டதுதான். திருத்தக் குடுத்தாராம். நீ உள்ளுக்கு என்ன வைச்சாய் எண்டு அவருக்குத் தெரியாதாம்."

தன் பெயரைச் சொன்னதை அவள் குற்றமாக எடுக்கவில்லை. பெயர் உண்மைதானே, அடிக்குப் பயந்து யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் தெரியாதாம். பதினாறு வோல்ட், ஆயிரம் மைக்ரோ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனிதருக்குத் தெரியாதாம்.

பொதியை வெட்டியெடுத்து வேறெங்கோ பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது இல்லாத கார் மட்டும் மேசையில் கிடந்தது. அதைப் பார்த்ததும் மாகிரட்டுக்கு ஒரு வழி தெரிந்தது.

"சேர், அது இல்லாமல் இந்தக் கார் முழு வேகத்தில ஓடாது. விசையை முழுசா அமத்தினால் நிண்டுபோகும். அமத்திப் பாருங்கோ. நிண்டால் நான் சொல்லுறது உண்மை."

அதிகாரி யோசித்தார். அவருக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது. ஆனால் அவளிடம் றிமோட்டைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. முகாமில் வேறு ஒருவரும் அந்தச் சாமானைத் தொட விரும்பவுமில்லை. கடைசியில் காரின் சொந்தக்காரரையே கூட்டிவந்தார்கள்.

கனகசுந்தரம் அவளைப் பார்க்கவில்லை. கார் தரையில் வைக்கப்பட்டது.

"முழுசா அமத்துங்கோ அண்ணை," என்றாள் மாகிரட்.

கார் புறப்பட்டது. கதிரைக் கால்களை விலத்தி, அறையைச் சுற்றி அழகாக ஓடி வந்தது. மாகிரட் காரைப் பார்க்கவில்லை, அவருடைய விரலைப் பார்த்தாள். எத்தனை ஞாயிறு பார்த்த விரல். முழுதாக அமத்தினால் நகம் வெளுத்துப்போகும். இப்போது அந்த நகம் சிவப்பாகவே இருந்தது, விசை பாதிகூடப் போகவில்லை.

"அவர் பாதிதான் அமத்துறார் சேர்."

"இதுதான் முழுசு," என்றார் கனகசுந்தரம்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "அது இல்லாமலும் கார் ஓடுது. அப்ப அது என்னத்துக்கு?"

கார் நின்றிருந்தால் அவள் தப்பியிருப்பாள். ஆனால், ஒவ்வொரு ஞாயிறும் இதை ஓட்டுகிற உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று அடுத்த கேள்வி கனகசுந்தரத்திடம் வந்திருக்கும். பாஸ் போயிருக்கும், வேலை போயிருக்கும், ஒருவேளை ஆளும் போயிருக்கும். அது மாகிரட்டுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதால் நெஞ்சு ஆறிவிடுமா? முதலில் சொன்ன பொய்யைப் பயம் என்று அவள் மன்னித்திருப்பாள். இந்த விரல் செய்தது பயத்தில் உளறியது இல்லை, அளந்து செய்தது.

எட்டு மாதம் உள்ளே இருந்தாள். ஒருநாள் விஷயம் தெரிந்த யாரோ ஒருவர் டேப்பைப் பிரித்து, உள்ளே அச்சடித்திருந்த இலக்கங்களை வாசித்துவிட்டு, இது எல்லா டிவிக்குள்ளும் கிடக்கிற சாமான் என்று எழுதி அனுப்பினாராம். விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது கடை அறையில் வேறு யாரோ துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு முன்னறையில் மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒருவரும் வரவில்லை. அந்தக் கை பட்ட ரேடியோவை வீட்டில் வைத்திருக்க ஊருக்குப் பயம். அவள் யாரையும் குறை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான்.

மூன்றாம் கிழமை அவரே வந்தார். ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு, மறு கையில் அந்தக் கார்.

"சுகமோ தங்கச்சி?"

"ஓம்."

அவர் கதிரையின் விளிம்பில் இருந்தார். என்னத்தைத் தொடங்குவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராத மனிதருக்குத் திருத்த வேலை ஒன்று இருந்தது வசதியாகப் போய்விட்டது.

"காரைத் திருப்பித் தந்திட்டினம். காருக்குப் பழைய வருத்தம்தான். அந்த நாலையும் திரும்பப் போட்டுத் தந்தீங்களெண்டால்... முழுசா அமத்தினால் உடன நிண்டுபோகுது."

மாகிரட் குரலை உயர்த்தவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அண்ணை."

கேட்கவில்லையாக்கும் என்று அவர் சற்றுப் பலமாகச் சொன்னார். "முழுசா அமத்தினால் நிண்டுபோகுது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருடைய காதில் விழுந்தது.

"இந்த ஒரு சொல்லுக்குத்தான் எட்டு மாசம் உள்ள இருந்தனான்," என்று காரை அவர் பக்கம் தள்ளினாள் மாகிரட். "என்னால ஏலாது. கொண்டு போங்கோ."