மணிக்கட்டில் ஒரு நூல்

இடது கையை விரித்து எக்ஸ்ரே பலகையில் வைத்து ஆடாமல் இருக்கச் சொன்னார்கள். மாரிசெல்விக்கு அது பெரிய காரியமாக இல்லை. கதவுக்கு வெளியே நெல்லையப்பனால்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தாராவியில் தோல் பெல்ட் தைக்கிறவர். நாள் முழுக்க மெஷினில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்.

மகளுக்குப் பதினாலு வயதும் மூன்று மாதமும். அப்பாவைவிட நாலு விரற்கடை உயரம். அவளுடைய வேகப்பந்தைப் பார்த்துப் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்கு எடுத்திருந்தார்கள். எலும்பின் வயதும் பதினைந்தைத் தாண்டக்கூடாது என்பது அங்கே விதி. மைதானத்தில் இன்னொரு பெண்ணின் அப்பா அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, இவர் காதுபடவே இந்தியில் சொன்னார், பேப்பரை மாற்றியிருக்கிறார்கள் என்று. அன்றிலிருந்து நெல்லையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி ஆறுமுகத்தாய் இன்று காலையில் பிறப்புச் சான்றிதழை அவர் சட்டைப்பையில் திணித்தாள். "பெத்தவ நான் சொன்னா நம்பமாட்டாவ. சீட்டக் காட்டுங்க."

மாட்டுங்காவின் அந்தச் சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் டாக்டர் ஷ்யாமளா படத்தை வெளிச்சப்பெட்டியில் மாட்டினாள். கறுப்பின் நடுவே வெள்ளையாக மகளின் கை. நெல்லையப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சின்னச் சின்னத் துண்டுகள்.

"எலும்போட நுனியும் தண்டும் சின்ன வயசில் ஒட்டியிருக்காது. நடுவில் குருத்து இருக்கும். அதுதான் எலும்பா மாறி மாறி நீளும். படத்தில் கறுப்புக் கோடாத் தெரியும். வளர்ச்சி முடிஞ்சா ரெண்டும் ஒட்டிண்டுடும்." டாக்டர் பேனாவால் காட்டினாள். "இவளுக்கு விரல்லெல்லாம் ஒட்டியாச்சு. மணிக்கட்டில்தான் ஒரு நூல் பாக்கி. எலும்பு வயசு பதினஞ்சரைன்னுதான் எழுத முடியும்."

நெல்லையப்பன் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பை நீவிவிட்டார். "ஆஸ்பத்திரியில பெறந்த புள்ளம்மா. நாந்தான் துணியில வாங்குனேன். ஒரு நாள்கூட மாத்திச் சொல்லல."

"நீங்க பொய் சொல்றேள்னு நான் சொல்லலையே. எலும்புக்குக் காலண்டர் தெரியாது. சில குழந்தைகள் சீக்கிரம் வளர்ந்துடும், சிலது மெதுவா. ரெண்டும் சகஜம்."

"அப்ப டீம்ல கெடையாதா?"

டாக்டர் அறிக்கையில் அந்த எண்ணை எழுதினாள். நெல்லையப்பன் மகளைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தார். அவள் எது கேட்டாலும் தைத்துக் கொடுத்துவிடலாம், இதை எதைக்கொண்டு தைப்பது?

மாரிசெல்வி வெளிச்சப்பெட்டியின் அருகே போய்த் தன் மணிக்கட்டை உற்றுப் பார்த்தாள். "கோடு போயிட்டா ஹட்டி செத்துருமா மேடம்?"

"சேச்சே, எலும்பு சாகாது. உயரம் வளர்றதுதான் நிக்கும். நாம சாகிறவரைக்கும் எலும்பு பழசைக் கரைச்சுப் புதுசாக் கட்டிண்டே இருக்கும். நீ பந்து போடற கையில் இன்னும் கெட்டியாக் கட்டும்."

"சச்சி?"

"சத்தியமா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். "பப்பா, கோச்சுகிட்ட அண்டர் நைன்டீன்ல நெட் பவுலிங் போடவான்னு கேளு. பெரிய அக்காங்க பிராக்டிஸுக்குப் போடுறேன்."

நெல்லையப்பன் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீயே கேளுட்டி. நான் கூட வாரேன்," என்றார்.

டாக்டர் அறிக்கையின் அடியில் கூடுதலாக ஒரு வரி எழுதி, அதைத் தமிழில் அவருக்குச் சொன்னாள்: எலும்பு வயது கூடியிருப்பதை மட்டும் வைத்துப் பிறப்புச் சான்றிதழைப் பொய் என்று கொள்ள முடியாது. அவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மைதானத்தில் அந்த மனிதரிடம் காட்டவேண்டும் என்று முதலில் நினைத்தார். படி இறங்கும்போது, ஆறுமுகத்தாயிடம் காட்டினால் போதும் என்று தோன்றியது.

வெளியே மழை விட்டிருந்தது. நடைபாதையில் ஆள் குறைவு. முன்னால் போன மாரிசெல்வி சட்டென நின்றாள். நாலடி பின்வாங்கி, ஓடிவந்து, வெறுங்கையைச் சுழற்றி வீசினாள். எதிரே வந்துகொண்டிருந்த வேட்டிக்காரர் ஒருவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல், மடக்கிய குடையை மட்டைபோல் நேராகத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்றார்.