மூட்டை கட்டிப்பிடிக்காது

தீயணைப்புத் துறைத் தேர்வில் போன வருஷம் அவளைக் கவிழ்த்தது ஓட்டமும் இல்லை, ஏணியும் இல்லை. மணல் மூட்டை. பாதி மைதானத்தில் தோளிலிருந்து வழுக்கித் தரையைத் தொட்டது. தொட்டால் ஆட்டம் முடிந்தது. இந்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது. குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டுவதை இன்னும் எத்தனை நாள் கேட்பது?

"ரெண்டு பெத்த உடம்பு அண்ணி, இனிமே என்னத்தத் தூக்கி..." என்று இழுத்தாள் நாத்தனார்.

"ரெண்டு பெத்த உடம்புதான் அந்த ரெண்டையும் தூக்கிட்டுத் திரியுது. உங்கண்ணனா தூக்குறாரு?"

ஜிம்முக்குப் போகப் பொழுது ஏது? கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நாலு வயசுப் பெரியவனைத் தோளில் போட்டு மொட்டைமாடியைச் சுற்றினாள். அவன் குரங்குக்குட்டி மாதிரி கழுத்தைக் கட்டிக்கொள்வான். பாரமே தெரியாது. கோளாறே அதில்தான் இருந்தது.

ஒருநாள் கடையில் பொம்மை கேட்டு, கிடைக்காமல், தரையில் படுத்துவிட்டான். தூக்கத் தூக்க எண்ணெய் தடவினாற்போல் நழுவினான். பூப்போல இருந்த பிள்ளை பாறாங்கல்லாகக் கனத்தான். சனம் வேடிக்கை பார்த்தது. மானம் போகிற அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது: பிள்ளை கட்டிப்பிடிக்கும், மூட்டை கட்டிப்பிடிக்காது! ஒரு முழங்காலை ஊன்றி, அவனைத் தொடைமேல் உருட்டி, அங்கிருந்து தோளுக்கு ஏற்றினாள். ஏறினான்.

"இதேதான்டா! இன்னொரு தடவ படு!"

அவன் திகைத்துப்போய் அழுகையை நிறுத்திவிட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் மூட்டை விளையாட்டு. "மூட்டை சிரிக்குமா?" என்பாள். "சிரிக்காது" என்று சொல்லிச் சிரிப்பான். ஆனால் நாலு வயசு எடை போதுமா? அவள் பார்வை நாத்தனார் மேல் விழுந்தது.

"ஐயோ, நானா?"

"நீதான். வாய மட்டும் கீழ வச்சிட்டு வா, கனம் பாதி குறையும்."

முணுமுணுத்துக்கொண்டே படுத்தாள். முதல் வாரம் இருவரும் சேர்ந்தே உருண்டார்கள். "அண்ணி, இடுப்பத் தொடாதீங்க, மூட்டைக்குக் கூச்சம்!" மாதம் போகப்போக மூட்டை தோளிலேயே ஊர்க்கதை பேசியது.

தேர்வு நாள். பாதி மைதானம், அதே இடம். மூட்டை வழுக்கியது. அவள் சட்டென முழங்காலை ஊன்றித் தொடையில் தாங்கினாள். வேலிக்கு வெளியே, இடுப்பில் கைக்குழந்தையோடு நாத்தனார் தொண்டை கிழியக் கத்தினாள்: "உருட்டுங்க அண்ணி, உருட்டுங்க! நான் இதவிடக் கனம்!"

உருட்டினாள். ஏற்றினாள். நடந்தாள். பழக்கதோஷம், கை தானாக மூட்டையைத் தட்டிக்கொடுத்தது.

முடிவுக் கோட்டருகே நின்ற அதிகாரி விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்னம்மா, தூங்க வைக்கிறீங்களா?"

கோட்டைத் தாண்டி இறக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். "படுத்து அடம்புடிச்சுது சார். தூக்கிட்டு வந்துட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே 'தேர்ச்சி' என்று எழுதினார்.